ஜெர்மனியில் பழைய கார்: பதிவு முதலிலா, இன்சூரன்ஸ் முதலிலா?

கேள்வி இதுதான்: ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மனைவியும் குழந்தையும் விரைவில் வருகிறார்கள். இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒருவர், 2016இல் முதல் பதிவான பெட்ரோல் கார் ஒன்றை விற்கிறார். வண்டியின் பதிவை நீக்கிவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். கையில் இந்திய லைசென்ஸ் இருக்கிறது. காரை வாங்கி, ஓட்டிவந்து, இங்கே பதிவு செய்து, அப்புறம் இன்சூரன்ஸ் போடலாமா? இன்சூரன்ஸ் விலை அதிகமாகக் காட்டுகிறதே, நண்பர் பெயரில் எடுத்தால் என்ன?

வாங்குவதை விட்டுவிட்டு, நீங்கள் எழுதியிருக்கும் மற்றதைக் கடைசியிலிருந்து படித்தால் அதுதான் சரியான வரிசை. ஜெர்மனியில் இன்சூரன்ஸ் இல்லாமல் பதிவு கிடையாது, பதிவு இல்லாமல் வண்டியைத் தெருவில் எடுக்க முடியாது. அதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இந்திய லைசென்ஸ்.

அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நாள் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய லைசென்ஸ், நீங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அந்த ஆறு மாதத்திலும் ஜெர்மன் மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கூடவே இருக்க வேண்டும். ஏழாவது மாதம் நீங்கள் காரை எடுத்தால், அது லைசென்ஸை வீட்டில் மறந்துவிட்டு வந்தது போன்ற சின்னத் தவறு இல்லை. லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. இங்கே அது குற்றவியல் வழக்கு. லைசென்ஸ் இல்லாதவரிடம் தெரிந்தே காரைக் கொடுத்த உரிமையாளரும் மாட்டுவார். இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, உங்களிடமிருந்து 5,000 யூரோ வரை திரும்ப வசூலிக்கலாம்.

சில நாடுகளின் லைசென்ஸைத் தேர்வு இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆறுதலான விஷயம், புதிதாகக் கற்பவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டாய வகுப்புகள் உங்களுக்கு இல்லை. ஆனால் தேர்வுக்கு ஓட்டுநர் பள்ளியின் காரில்தான் போக முடியும் என்பதால் ஒரு பள்ளியில் சேர வேண்டும். கண் பரிசோதனை, ஒருநாள் முதலுதவிப் பயிற்சி இரண்டும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். ஒரு தகவல் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: ஜெர்மன் லைசென்ஸைக் கொடுக்கும்போது இந்திய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன் இரண்டு பக்கமும் தெளிவாக நகல் எடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் பேசும்போது அந்த நகல் பணமாக மாறக்கூடும், பின்னால் சொல்கிறேன்.

லைசென்ஸ் வராமல் காரை உங்கள் பெயரில் பதிவு செய்ய முடியாதா? முடியும். உரிமையாளராக இருக்க லைசென்ஸ் தேவையில்லை. ஓட்டத்தான் தேவை. எழுத்துத் தேர்வுக்கு இன்னும் விண்ணப்பமே போடவில்லை என்றால், காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு வரியும் பிரீமியமும் கட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. குழந்தையோடு வருகிறார்கள் என்ற அவசரம் புரிகிறது. ஆனாலும் அந்த மூன்று நான்கு மாதத்துக்கு ரயிலே போதும்.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். மூன்று அடுக்கு இருக்கிறது. ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் என்பது கட்டாயம். நீங்கள் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு. நம் ஊர் மூன்றாம் தரப்புக் காப்பீடு மாதிரிதான், ஆனால் தொகை வேறு உயரம்: ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 75 லட்சம் யூரோ. பெரும்பாலான கம்பெனிகள் 10 கோடி யூரோ வரை தருகின்றன, விலை வித்தியாசம் சொற்பம், அதையே எடுங்கள். அடுத்தது டைல்காஸ்கோ: திருட்டு, தீ, புயல், ஆலங்கட்டி, கண்ணாடி உடைவது, காட்டு மிருகம் மோதுவது. மூன்றாவது ஃபோல்காஸ்கோ: உங்கள் தவறால் உங்கள் காருக்கே ஆகும் சேதம், யாரோ வேண்டுமென்றே கீறிவிட்டுப் போவது, இவையும் சேர்த்து.

உங்கள் கார் ஏறக்குறைய பத்து வயது. அதற்கு ஃபோல்காஸ்கோ நான் போடமாட்டேன். கார் போனால் இன்னொன்று வாங்க முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். டைல்காஸ்கோ போடுவேன், காரணம் மார்டர். கீரி அளவில் ஒரு பிராணி, இரவில் இன்ஜினுக்குள் புகுந்து கேபிளையும் ரப்பர் குழாயையும் கடித்து வைக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், காலையில் வண்டி கிளம்பாதபோது சிரிப்பு வராது. டைல்காஸ்கோ எடுக்கும்போது கடித்த கேபிளின் விலை மட்டும்தானா, அதனால் பின்னால் இன்ஜினுக்கு வரும் சேதமும் உண்டா என்று பாருங்கள். இரண்டாவதுதான் செலவு வைக்கும்.

விலை ஏன் அதிகமாகக் காட்டுகிறது என்றால், எஸ்எஃப் என்று ஒரு வகுப்பு இருக்கிறது. விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டிய ஆண்டுகளின் எண்ணிக்கை அது. ஆண்டு கூடக் கூட பிரீமியம் இறங்கும். நீங்கள் இங்கே புதியவர், ஆகவே பூஜ்யத்தில் நிற்கிறீர்கள். லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால் அரை வகுப்பில் தொடங்க விடுவார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் இந்தியாவில் ஓட்டியதைச் சேர்ப்பார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் இந்திய லைசென்ஸின் தேதியை ஏற்றுக்கொள்வார்கள். அதற்குத்தான் நகலை வைத்திருக்கச் சொன்னேன். சிலர் வெளிநாட்டில் விபத்தில்லாமல் ஓட்டியதற்கான கடிதத்தையும் ஏற்பார்கள். ஊரில் உங்கள் பெயரில் கார் பாலிசி இருந்திருந்தால், எத்தனை ஆண்டு, எத்தனை கிளெய்ம் என்று அந்தக் கம்பெனியிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். விலை ஒப்பிடும் இணையதளத்தில் இதற்கெல்லாம் கட்டம் இருக்காது. எல்லாக் கம்பெனிகளும் அந்தத் தளங்களில் இருப்பதும் இல்லை. போனை எடுத்துப் பேசினால்தான் நடக்கும்.

இன்னொரு பாதி விலையைத் தீர்மானிப்பது காரே. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வகுப்பு, ஒவ்வொரு பதிவு மாவட்டத்துக்கும் ஒரு வகுப்பு. அந்த மாடலை வைத்திருப்பவர்கள் எவ்வளவு இடித்தார்கள், உங்கள் மாவட்டத்துக்காரர்கள் எவ்வளவு இடித்தார்கள் என்ற கணக்கு. சின்னக் கார் என்றால் இன்சூரன்ஸும் சின்னதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். புதிதாக லைசென்ஸ் வாங்கிய பையன்கள் விரும்பி வாங்கும் சின்னக் கார்கள் நிறைய இடிபடும், அந்தச் சுமையை நீங்களும் சுமப்பீர்கள். விற்பவரிடம் காரின் பதிவுத் தாளின் படத்தைக் கேளுங்கள். அதில் தயாரிப்பாளர் எண், மாடல் எண் என்று இரண்டு சிறு குறியீடுகள் இருக்கும். அவற்றைப் போட்டுப் பாருங்கள். பிரீமியம் பிடிக்கவில்லை என்றால் இருநூறு கிலோமீட்டர் போய்க் காரைப் பார்க்கவே வேண்டாம்.

நண்பர் பெயரில் எடுப்பது பற்றி. கார் ஒருவர் பெயரிலும் பாலிசி இன்னொருவர் பெயரிலும் இருப்பது இங்கே சட்டவிரோதம் இல்லை. பெற்றோர் பாலிசியில் பிள்ளைகளின் கார் ஓடுவது சகஜம். ஆனால் பல கம்பெனிகள் துணைவர், பெற்றோர், பிள்ளை என்ற உறவுக்குள்தான் ஒத்துக்கொள்ளும். யார் ஓட்டுவார்கள், அவர்கள் வயது என்ன, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். அங்கே பொய் சொன்னால், விபத்துக்குப் பிறகு பின்தேதியிட்டு முழு பிரீமியத்தையும் ஒப்பந்தத்தில் உள்ள அபராதத்தையும் கேட்பார்கள். நீங்கள் ஒரு தூணில் இடித்தால் உங்கள் நண்பரின் பல ஆண்டு எஸ்எஃப் கீழே இறங்கும். நட்பு அதற்குப் பிறகும் பழையபடி இருக்கும் என்று நான் நம்பவில்லை. முதல் இரண்டு ஆண்டு அதிகமாகக் கட்டி, வகுப்பை உங்கள் பெயரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததும் ஈ-ஃபௌ-பே என்ற ஏழு எழுத்து-எண் குறியீட்டைத் தருவார்கள். இணையத்தில் சில நிமிடங்களில் வந்துவிடும். பதிவு அலுவலகம் அந்தக் குறியீட்டைத் தட்டிப் பார்த்து, உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளும். இதில் ஒரு பொறி: அந்தக் குறியீடு தரும் தற்காலிகப் பாதுகாப்பு பொதுவாக ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் மட்டும்தான். டைல்காஸ்கோவும் முதல் நாளிலிருந்தே வேண்டும் என்றால், அதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். பாலிசி வருவதற்குள் ஆலங்கட்டி மழையில் கூரை முழுக்கப் பள்ளம் விழுந்து, ஒரு யூரோ கூடக் கிடைக்காமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கார். பதிவு நீக்கப்பட்ட காருக்கு நம்பர் பிளேட் செல்லாது, வரி இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. அதை ஓட்டிவர இரண்டு வழி. ஒன்று, ஐந்து நாள் மட்டும் செல்லும் தற்காலிக பிளேட். வலது ஓரத்தில் மஞ்சள் பட்டையில் கடைசித் தேதி அச்சிட்டிருக்கும். உங்கள் ஊர் அலுவலகத்திலும் வாங்கலாம், கார் நிற்கும் ஊரிலும் வாங்கலாம். அதற்கென்று தனி ஈ-ஃபௌ-பே வேண்டும். காரின் தாள்களும் வேண்டும், ஏனென்றால் இந்த பிளேட் குறிப்பிட்ட ஒரு காருக்கு மட்டுமே. அந்தக் காருக்கு டியூஃப் என்ற சோதனை காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துச் சோதனை நிலையத்துக்குப் போய்வர மட்டுமே அனுமதி.

டியூஃப் என்று எல்லோரும் சொல்வது கட்டாய வாகனச் சோதனையை. டெக்ரா போன்ற மற்ற அமைப்புகள் செய்தாலும் பெயர் அதுதான். புதிய காருக்கு மூன்றாம் ஆண்டில், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அது செல்லுபடியாக இருந்தால்தான் பதிவே. விற்பவர் “டியூஃப் முடிந்துவிட்டது, ஆனால் வண்டி ஜோராக இருக்கிறது, கண்டிப்பாகப் பாஸ் ஆகும்” என்று சொன்னால், அவரே பாஸ் செய்து தரட்டும், அதற்கு இருநூறு யூரோ கூட வேண்டுமானாலும் கொடுங்கள். சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். பழைய அறிக்கைகளும் இருந்தால் வரிசையாக வைத்துப் பாருங்கள், மீட்டரைப் பின்னால் திருப்பியிருந்தால் அங்கே பல்லிளிக்கும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பதிவு அலுவலகத்துக்குக் கார் போக வேண்டியதில்லை, தாள்கள் போனால் போதும். என் முதல் காரை ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். பிடித்துவிட்டது, கையெழுத்துப் போட்டுப் பணமும் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான், பதிவு இல்லாத காரை வாங்கியிருக்கிறேன், அலுவலகங்கள் திங்கள்வரை மூடல் என்பது உறைத்தது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் திரும்பினேன். திங்களன்று என் ஊரில் பதிவு செய்து, புது பிளேட் இரண்டையும் முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு மறுபடி ரயில் ஏறினேன். பயணச்சீட்டுப் பரிசோதகர் பையில் நீட்டிக்கொண்டிருந்த பிளேட்டைப் பார்த்துவிட்டு, “ஒன்று மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறதே” என்றார். முட்டாள்தனமாகத் தொடங்கியது, ஆனால் முறை சரியானதுதான். அதையே திட்டமிட்டுச் செய்யலாம்.

விற்பவரிடமிருந்து வாங்க வேண்டிய தாள் இரண்டு. சின்னதை ஷைன் என்பார்கள், காரில் வைத்திருப்பது. பெரியதை ப்ரீஃப் என்பார்கள், வீட்டில் பத்திரமாக வைப்பது. 2005 அக்டோபரிலிருந்து இவற்றின் அதிகாரப் பெயர் பதிவுச் சான்று பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று மாறிவிட்டது, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ப்ரீஃபில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் சட்டப்படி சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். ஆனாலும் அசல் ப்ரீஃபைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கடனில் வாங்கிய கார் என்றால் ப்ரீஃப் பெரும்பாலும் வங்கியிடம் இருக்கும். “ப்ரீஃபைப் பிறகு தபாலில் அனுப்புகிறேன்” என்று ஒரு தனிநபர் சொன்னால் அங்கேயே விடைபெறுங்கள். ப்ரீஃபைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்று பிறகு நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடாது. ப்ரீஃபில் உள்ள சேஸி எண் காரில் உள்ள எண்ணோடும், ப்ரீஃபில் உள்ள பெயர் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரோடும் ஒத்துப்போக வேண்டும். அம்மாவின் கார், நண்பரின் கார் என்றால் அவர்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் எங்கே என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் மாதிரிப் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. தனிநபர் விற்கும்போது, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. தெரிந்தே மறைத்த குறைக்கு மட்டும் அந்த வாசகம் அவரைக் காப்பாற்றாது. அதனால்தான் “விபத்தில்லாத வண்டி” என்று வாயால் சொல்வதைத் தாளில் எழுத வைக்க வேண்டும். எழுதத் தயங்கினால் அதுவே பதில். காரைக் கையில் வாங்கிய தேதியோடு மணியையும் எழுதுங்கள். வியாபாரியிடம் வாங்கினால் நிலைமை வேறு. அவர் உங்களுக்குக் குறைந்தது ஓராண்டு பொறுப்பு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தட்டிக்கழிக்க நினைப்பவர்கள் “வாடிக்கையாளர் சார்பில் விற்கிறோம்” என்றோ “ஏற்றுமதிக்கு மட்டும்” என்றோ விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். எனக்கு ஜெர்மன் சரியாக வராத நாட்களில் வியாபாரியிடமே வாங்கியிருக்கலாம் என்று பிறகு பல தடவை தோன்றியது. கொஞ்சம் விலை கூடும், ஆனால் பதிவையும் அவரே முடித்துத் தருவது உண்டு.

இதற்கு மாறாக, இன்னும் பதிவில் இருக்கும் காரை யாராவது காட்டினால் விதி வேறு. அப்போது விற்பவரின் இன்சூரன்ஸ் காரோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடும். நீங்கள் புதிய ஈ-ஃபௌ-பே கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றும்போது அது முடிந்துபோகும். அதனால் அன்றே ஓட்டிவரலாம். ஆனால் இடையில் இடித்தால் விற்பவரின் எஸ்எஃப் அடிபடும் என்பதால், பலர் அப்படிக் கொடுக்கப் பயப்படுகிறார்கள். உங்கள் ஆள் பதிவை நீக்கிவிட்டு விற்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

பதிவுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டோடு வசிப்பிடப் பதிவுச் சான்றையும் எடுத்துப் போங்கள். நம் பாஸ்போர்ட்டில் ஜெர்மன் முகவரி இல்லாததால் இது இல்லாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஷைன், ப்ரீஃப், டியூஃப் அறிக்கை, ஈ-ஃபௌ-பே, வரியை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் அனுமதிப் படிவம். முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும், பெரிய ஊர்களில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். எண்ணைக் கொடுத்ததும் பிளேட்டை அவர்கள் தரமாட்டார்கள். அலுவலகத்தைச் சுற்றியுள்ள பிளேட் கடைகளில் அடித்துக்கொண்டு வந்து முத்திரை ஒட்ட வேண்டும். எதிர்க்கடையில் விலை கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கும் போங்கள், இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். உங்கள் வசிப்பிட அனுமதி அட்டையில் இணைய அடையாள வசதியை இயக்கியிருந்தால் முழுப் பதிவையும் இணையத்திலேயே செய்ய 2023 செப்டம்பரிலிருந்து வழி இருக்கிறது. 2016 காரின் ப்ரீஃபில் அதற்கான இரகசியக் குறியீடு இருக்க வாய்ப்பு குறைவு, ஆகவே உங்களுக்கு அலுவலகம்தான்.

வரி பெரிய தொகை இல்லை. 2014 முதல் 2020 வரை முதல் பதிவான பெட்ரோல் காருக்கு, ஒவ்வொரு 100 சிசிக்கும் 2 யூரோ, கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கும் 2 யூரோ. 1200 சிசி, 115 கிராம் என்றால் 24ம் 40ம் சேர்ந்து ஆண்டுக்கு 64 யூரோ. டீசலுக்கு 100 சிசிக்கு 9.50 யூரோ. அதனால் டீசல் ஆசை வந்தால் ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று யோசியுங்கள். இந்த வரியை வசூலிப்பது சுங்கத்துறை. சில வாரத்தில் சுங்கத்திலிருந்து ஒரு கடிதம் வரும், ஊரிலிருந்து வந்த மசாலா பார்சலைப் பிடித்துவிட்டார்கள் என்று பயந்துவிடாதீர்கள்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும், புகை மாசு அளவைக் காட்டும் பச்சை வட்ட ஸ்டிக்கரையும் பாருங்கள். நகர மையங்கள் பலவற்றில் அது இல்லாமல் நுழைந்தால் 100 யூரோ அபராதம். அதில் கார் எண் எழுதியிருக்கும், உங்கள் எண் மாறினால் புதிதாக வாங்க வேண்டும். குளிர்காலச் சக்கரங்கள் தனி செட்டாக இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். பக்கவாட்டில் மலையும் பனிச்செதிலும் உள்ள குறி இருந்தால்தான் இப்போது அது குளிர்கால டயர். இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

என்றாவது காரை விற்றுவிட்டு வேறு நாட்டுக்குப் போகும்போது, நீங்களும் பதிவை நீக்கிவிட்டே கொடுங்கள். ஷைனையும் பிளேட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே முடியும். வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் தகவல் தானாகப் போய், கட்டியதில் மிச்சம் திரும்பும். போகும் முன் கம்பெனியிடம் இத்தனை ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டினார் என்று ஒரு சான்றுக் கடிதம் கேளுங்கள், ஆங்கிலத்தில். அடுத்த நாட்டிலும் உங்களைப் பூஜ்யத்தில்தான் நிறுத்துவார்கள், அங்கே நீட்ட ஒரு தாளாவது கையில் இருக்கும்.